மூன்று லிட்டர் ஆயில் போயும் பெடல் ஏன் பஞ்சாக இருக்கிறது?

வாசகர் கேள்வி: இங்கிலாந்தில் டிட்காட்டில் இருக்கிறேன். 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கி நானே சரிசெய்துகொண்டிருக்கிறேன். ஒன்பது வருஷம் கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டி. முன்பக்கம் ரீகண்டிஷன் செய்த காலிப்பர்கள் (டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பாகம்) போட்டேன். பின்பக்கம் வீல் சிலிண்டர், பிரேக் ஷூ, அப்புறம் மூன்று ரப்பர் ஹோஸ், பைப் எல்லாமே புதிது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழையது. முன்பு வைத்திருந்தவர் யாரோ ரிமோட் சர்வோ (இன்ஜினின் வேக்குவத்தைக் கொண்டு பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் கருவி) ஒன்றைச் சேர்த்திருக்கிறார். மகள் பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து மூன்று வாரமாக ஏர் எடுக்கிறேன், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிறேன். மூன்று லிட்டர் பிரேக் ஆயில் போய்விட்டது. வேக்குவம் பம்ப் வாங்கினேன். அதில் குமிழி நிற்கவே மாட்டேன் என்கிறது. முதல் மிதியில் பெடல் கிட்டத்தட்ட தரைக்குப் போகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே வருகிறது, ஆனால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கிவிடட்டுமா? சிலிக்கான் ஆயிலுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இருக்காது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாறலாமா?

பதில்:

முதலில் ஸ்பானரைக் கீழே வையுங்கள். மகளையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். மூன்று வாரமாக அந்தப் பெண்ணின் கால் என்ன பாடு பட்டிருக்கும்!

உங்கள் வண்டியின் பிரேக் முழுவதையும் நிரப்ப ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது. மூன்று லிட்டர் ஊற்றி வெளியே விட்டிருக்கிறீர்கள் என்றால், மொத்த ஆயிலும் மூன்று முறைக்கு மேல் மாறிவிட்டது. ஆயில் ஓடும் வழியில் இருந்த காற்று எப்போதோ போயிருக்கும். மிச்சம் இருப்பது இரண்டில் ஒன்று. ஆயில் ஓட்டம் எட்டாத ஏதோ ஒரு மூலையில் காற்று குந்தியிருக்க வேண்டும், அல்லது உங்கள் பிரச்சினை காற்றே இல்லை. இந்த இரண்டுக்கும் நாலாவது லிட்டர் மருந்தாகாது.

உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அபிங்டனில்தான் இந்த வண்டி பிறந்தது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதனால் இன்றைக்கும் எந்தப் பாகம் வேண்டுமானாலும் இரண்டே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. எம்ஜிபிக்காரர்களுக்கு இது வரம், கொஞ்சம் சாபமும்கூட. நோய் என்னவென்று பார்ப்பதற்குள் பாகத்தை வாங்கக் கை போய்விடும். உங்கள் கடிதத்தில் உள்ள பட்டியலைப் பார்த்தால் அது புரிகிறது. அத்தனை புதுப் பாகங்களுக்கு நடுவே, எங்கே அமுங்குகிறது என்று ஒரு தடவைகூட நீங்கள் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெடல் மூன்று விதமாகக் குறை சொல்லும். முதல் மிதியில் கீழே போய், உடனே மிதித்தால் மேலே வந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே, அல்லது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று அர்த்தம். முதல் மிதியின் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கவே செலவாகிவிடுகிறது. ஷூ திரும்பிப் போவதற்குள் இரண்டாவது மிதி விழுவதால் பெடல் உயரத்தில் நிற்கிறது. எத்தனை முறை மிதித்தாலும் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துக்கொண்டே இருந்தால் காற்று, உப்பும் ஹோஸ், டிரம்மில் சரியாக உட்காராத ஷூ, இந்த மூன்றில் ஒன்று. கெட்டியாக நின்ற பெடல், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்காவது ஆயில் ஒழுகுகிறது. வெளியே ஒழுக்கு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் கசிகிறது.

நீங்கள் சொல்வது முதல் இரண்டும் கலந்தது. மூன்றாவதைப் பற்றி எழுதவில்லை. ஆகவே உங்களுக்கு ஒரு வியாதி இல்லை, இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் துரத்துவதால்தான் எதுவும் பிடிபடவில்லை. இடைவெளியை முதலில் முடித்துவிடலாம். அதற்குக் காசு செலவில்லை.

நான் தொழில் பழகியது கோவையில், அம்பாசடர் வண்டிகளில். அந்த இன்ஜினும் எம்ஜிபி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம்தான். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் முதல் எம்ஜிபியின் பானெட்டைத் தூக்கியபோது சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கோவை ஒர்க்‌ஷாப்பில் பெரிய மெக்கானிக் அண்ணன் ஒருவர், நாங்கள் நிப்பிளில் (காற்றை வெளியே விடும் சின்னத் திருகில்) கை வைத்தாலே கத்துவார்: “மொதல்ல ஷூவை ஏத்துங்கடா, அப்புறம் ஏர் எடுக்கலாம்!” ஏன் என்று அவர் சொன்னதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது.

உங்கள் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் இஞ்ச், அதாவது 19 மி.மீ. அதன் பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் தள்ளுவது 3 மி.லி.க்கும் குறைவான ஆயில். பின் வீல் சிலிண்டரின் விட்டம் சுமார் 20 மி.மீ. ஷூ இரண்டும் டிரம்மைத் தொட, ஒவ்வொரு சக்கரத்திலும் சிலிண்டர் பிஸ்டன்கள் மொத்தமாக 2 மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.3 மி.லி. இந்தக் கொசுறு ஆயிலைத் தள்ள மாஸ்டர் பிஸ்டன் நாலரை மி.மீ. நகர வேண்டும். பெடல் நெம்புகோல் அதை நாலைந்து மடங்காகப் பெருக்குவதால், உங்கள் காலுக்கு அது 2 செ.மீ. வெற்று மிதி. காற்று ஒரு துளி இல்லாமலே பெடல் 2 செ.மீ. இறங்கிவிட்டது.

இந்த வண்டியின் பின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. டிரம்மின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளேட்டின் பின்புறம் சதுரத் தலையோடு சின்ன முளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் திருக வேண்டும். புது ஷூ போட்டதும் அதைத் தொட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தொட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கிவிடுங்கள். ஒன்பது வருஷம் நின்ற வண்டியில் அந்த முளை துருப்பிடித்துத்தான் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊடுருவும் ஆயில் அடித்து, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். சாதாரண ஸ்பானரால் திருகினால் சதுரத்தின் முனைகள் மழுங்கிவிடும். அதற்கென்றே விற்கிற சதுர வாய் ஸ்பானர் வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை.

கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முளையைத் திருகுங்கள். கடக் கடக் என்று ஒவ்வொரு படியாகக் கையில் தெரியும். சக்கரம் இறுகி நிற்கும் வரை ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் அப்படி இறுக்கிய நிலையிலேயே போய் பெடலை மிதியுங்கள். இப்போது முதல் மிதியிலேயே பெடல் உயரமாக நின்றால் உங்கள் முதல் வியாதி தீர்ந்தது. இங்கே ஆயில் ஒரு சொட்டுக்கூட வெளியே வர வேண்டியதில்லை. அதன் பிறகு ஒன்றிரண்டு படி இறக்கி, சக்கரம் லேசாக உரசியும் உரசாமலும் சுற்றும்படி விட்டுவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக் கேபிளைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். சிலர் கேபிளை இறுக்கிப் பின் பிரேக்கைச் “சரிசெய்து”விடுவார்கள். அப்படிச் செய்தால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்பிப் போகாது. முளை அட்ஜஸ்ட்மெண்டும் தப்பாக முடியும். டிரம்மைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருக்கும் தூசியைக் காற்று அடித்தோ ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சரி, இப்போது பஞ்சு.

இதற்கு நான் நம்புவது ஒரே ஒரு கருவியைத்தான்: ஹோஸ் கிளாம்ப். உங்கள் வண்டியில் ரப்பர் ஹோஸ் மூன்றே மூன்று. முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு மேலே ஒன்று. மூன்றையும் கிளாம்ப் போட்டு நசுக்கிவிட்டால், நாலு சக்கரமும் கணக்கிலிருந்து விலகிவிடும். மாஸ்டர் சிலிண்டர், சர்வோ, உலோகப் பைப்புகள், அவ்வளவுதான் மிச்சம். இன்ஜினை ஆன் பண்ண வேண்டாம். சர்வோவில் மிச்சமிருக்கும் வேக்குவம் போக, நாலைந்து முறை மிதித்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிளாம்பின் வாய் உருண்டையாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். கொறடாவையோ பூட்டும் பிளையரையோ வைத்து நசுக்கினால் ஹோஸின் உள்சுவர் கிழிந்து, அடுத்த மாதம் வேறு புத்தம்புது நோய் வரும். நீங்கள் வாங்கியது மேலே ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் என்றால் கிளாம்ப் போடவே கூடாது. அதற்குப் பதிலாக ஹோஸைக் கழற்றி, பைப்பின் முனையில் பிளக் போட்டு அடைக்க வேண்டும்.

மூன்று கிளாம்பும் போட்டபின் பெடல் எப்படி இருக்கிறது? உயரமாக, கல்லை மிதிப்பது போல இருந்தால், மாஸ்டரும் சர்வோவும் நல்லவை. புது மாஸ்டர் சிலிண்டருக்கு எடுத்து வைத்த பணத்தைத் திரும்பப் பையில் போடுங்கள். பிறகு கிளாம்ப்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒன்றை எடுப்பது, ஒரு மிதி, மறுபடி அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது. எதை எடுத்தபோது பெடல் இறங்கிற்றோ அங்கேதான் வியாதி இருக்கிறது. பேடும் ஷூவும் நகர வேண்டியிருப்பதால் எந்தக் கிளாம்பை எடுத்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மற்ற இரண்டைவிட ஒன்று வித்தியாசமாக இறங்குகிறதா, அதில் ஸ்பிரிங் மாதிரி ஒரு குணம் வருகிறதா என்று பாருங்கள். மகளையே மிதிக்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் மிதித்த காலுக்கு அந்த வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முன்பக்கம்தான் குற்றவாளி என்று வந்தால், முதல் காரியமாகக் காலிப்பரில் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மேலே இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பல வருஷம் முன்பு ஒரு எம்ஜிபிக்கு இரண்டு காலிப்பரையும் கழற்றி, சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, அழகாகப் பொருத்தினேன். முழுதாக இரண்டு நாள் ஏர் எடுத்தேன். பெடல் எழவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் வேலை பழக வந்த பையன் டீ குடித்துக்கொண்டே கேட்டான், “அண்ணே, நிப்பிள் ஏன் கீழ பாக்குது?” இடது காலிப்பரை வலதுபக்கமும் வலதை இடதுபக்கமும் மாட்டியிருந்தேன். போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் வினை. ஆயில் கீழே இருக்கும் நிப்பிள் வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும், காற்றோ காலிப்பரின் உச்சியில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். ரீகண்டிஷன் காலிப்பர்கள் இரண்டும் ஒரே பெட்டியில் வந்திருந்தால் உங்களுக்கும் இது நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பக்கம் பஞ்சாக இருக்கிறது என்றால், காலிப்பரை போல்ட்டிலிருந்து கழற்றுங்கள். ஹோஸைக் கழற்ற வேண்டாம். பிஸ்டன் வெளியே வராமலிருக்க டிஸ்க்கின் கனத்துக்கு ஒரு மரத்துண்டைப் பேடுகளுக்கு நடுவே செருகி, நிப்பிள் உச்சத்துக்கு வரும்படி காலிப்பரைச் சாய்த்துப் பிடித்து, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே ஏர் எடுங்கள். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிக் குமிழிகள் தட்டும்போது கழன்று மேலே வரும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

பின்பக்கம்தான் என்றால், ஒன்று சொல்கிறேன். புது ஷூவின் வளைவு பழைய டிரம்மின் வளைவோடு ஒத்துப்போகாமல், நடுவிலோ ஓரத்திலோ மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், பெடலை அழுத்த அழுத்த ஷூவே வளைந்துகொடுக்கும். காலுக்கு அது காற்று மாதிரியேதான் இருக்கும். டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் பளபளப்பாக உரசல் தெரிந்தால் விஷயம் அதுதான். உரசி உட்காரக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். 100 மைல் போல ஓடியதும் திரும்ப ஒரு தடவை முளையை ஏற்றுங்கள்.

மூன்று கிளாம்பும் போட்ட பிறகும் பஞ்சாகவே இருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குச் சந்தேகம் விழுந்தது அந்தச் சர்வோ மேல்தான். பின்னால் யாரோ சேர்த்த ரிமோட் சர்வோ பெரும்பாலும் இன்ஜின் அறையில், பைப்புகளைவிட உயரமான இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் ஒரு முனையில் ஆயில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். உள்ளே இருக்கும் சிலிண்டர் கொஞ்சம் தப்பான கோணத்தில் சாய்ந்திருந்தாலும் காற்று அங்கே தங்கிவிடும். சக்கரத்து நிப்பிளிலிருந்து நீங்கள் எத்தனை லிட்டர் எடுத்தாலும் ஆயில் அந்தக் குமிழிக்கு அடியிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சர்வோவை விட்டு ஆயில் வெளியேறும் பைப்பின் நட்டைச் சுற்றித் துணி சுற்றி, மகள் மெல்ல அழுத்தும்போது அரைச் சுற்று தளர்த்துங்கள். காலை எடுப்பதற்குள் இறுக்குங்கள். நாலைந்து முறை. நுரை வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதிலும் தீரவில்லை என்றால், சர்வோவுக்குள் போகும் பைப்பையும் வெளியே வரும் பைப்பையும் ஓர் இணைப்பான் போட்டு நேராகச் சேர்த்து, சர்வோவை விலக்கிவிட்டு மிதித்துப் பாருங்கள். இது சோதனைக்கு மட்டும். பெடல் கல்லாகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. சர்வோவைத் திரும்பப் பொருத்தும்போது ஆயில் முனை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று அதன் குறிப்பேட்டில் இருக்கும். அதன்படியே சாய்த்துப் பொருத்துங்கள்.

இன்னொரு விஷயம். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே போகிறது, எங்கும் ஒழுக்கு இல்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறது என்றால், சர்வோவின் உள் சீல் போய், பிரேக் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கிறது. அப்போது ஏர் எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. சர்வோவைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட மாஸ்டர் சிலிண்டர். அது நல்லதா கெட்டதா என்பதை ஊகிக்கவே வேண்டாம். ஆயில் வெளியேறும் பைப்பைக் கழற்றி, அந்தத் துளைக்கு ஒரு பிளக் போட்டு அடைத்துவிட்டு, மாஸ்டரை மட்டும் ஏர் எடுத்து மிதித்துப் பாருங்கள். நல்ல மாஸ்டர் என்றால் ஆரம்பத்துச் சின்ன ஆட்டத்துக்குப் பிறகு பெடல் இறங்காது, ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தாலும் அப்படியே நிற்கும். பிளக் வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் எல்லாம் இஞ்ச் மரை. மெட்ரிக் மரையில் கிட்டத்தட்ட அதே சைஸில் கிடைக்கும். 3/8 இஞ்ச் நட்டு 10 மி.மீ. மெட்ரிக் துளைக்குள் தொளதொளவென்று இறங்கும், இறுக்கினால் மரை அறுந்து கையோடு வரும்.

டப்பா மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மகள் பெடலை மிக மெதுவாக அழுத்தட்டும். அழுத்தத் தொடங்கிய முதல் நொடியில் டப்பாவின் அடியிலிருந்து சின்னதாக ஆயில் கொப்பளித்து எழும்ப வேண்டும். ஊசி முனை மாதிரி ஒரு துளை அங்கே இருக்கிறது. பெடல் ஓய்வில் இருக்கும்போது மட்டும் அது திறந்திருக்கும். சக்கரத்திலிருந்து திரும்பி வரும் ஆயிலுக்கும் காற்றுக்கும் அதுதான் வாசல். கொப்பளிப்பே இல்லையென்றால் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது பெடல் தண்டில் ஆட்டமே இல்லாமல் பிஸ்டன் முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது. பெடலைக் கையால் தொட்டால், பிஸ்டனை உணர்வதற்கு முன் சில மி.மீ. சும்மா ஆட வேண்டும். இந்த ஆட்டம் இல்லாத வண்டியில் ஏர் எடுக்கவும் முடியாது, ஓட்டினால் பிரேக்கும் பிடித்துக்கொண்டே சூடேறும்.

ஒருவேளை அந்த மாஸ்டர் மூன்று வாரம் முன்பு நன்றாகவே இருந்திருக்கலாம். சாதாரணமாக ஓட்டும்போது பிஸ்டன் சிலிண்டரின் பாதித் தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் ஒன்பது வருஷத் துரு படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரை வரை மிதித்தால், ரப்பர் கப் அந்தத் துருவின் மேல் ஏறி இறங்கி உதடு கிழிந்துபோகும். பழைய மாஸ்டரில் ஏர் எடுக்கிற போதெல்லாம் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, முழுத் தூரம் போகாமல் தடுப்பது என் வழக்கம். நீங்கள் மூன்று லிட்டர் மிதித்திருக்கிறீர்கள். பிளக் சோதனையில் பெடல் மெல்ல இறங்கினால் யோசிக்காமல் புது மாஸ்டர் வாங்குங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரப்பர் கிட் மட்டும் மாற்றுகிற வேலை வேண்டாம். இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், அதாவது ஒரே ஆயில் பாதை. அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளுக்கு 1968 மாடலிலிருந்தே இரட்டை சர்க்யூட் வந்துவிட்டது. உங்களுடையதில் ஒரே ஒரு ரப்பர் கப் கைவிட்டால் ஹேண்ட்பிரேக்தான் மிச்சம்.

வேக்குவம் பம்பில் நிற்காத குமிழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்றை பம்ப் இழுக்கிறது. அது பிரேக்குக்குள்ளிருந்து வரும் காற்று இல்லை, உங்கள் காரேஜ் காற்று. மரையைச் சுற்றிக் கிரீஸ் தடவினால் கொஞ்சம் குறையும். என்னைக் கேட்டால் அந்த பம்பை அலமாரியில் வைத்துவிட்டு, மேலிருந்து லேசான அழுத்தம் கொடுக்கும் முறைக்குப் போகலாம். ஸ்பேர் டயரின் காற்றைக் கொண்டு ஆயிலைத் தள்ளும் சின்ன கிட் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது. டயரில் 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும். பலர் டயரின் முழு அழுத்தத்தையும் வைத்துவிட்டு, மூடி பிய்த்துக்கொண்டு ஆயில் பீய்ச்சியடித்த கதையோடு வருவார்கள். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும். டப்பாவைச் சுற்றிப் பழைய டவல் போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சிந்தினால் துடைப்பதோடு நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மகளே மிதிப்பதென்றால் வேகமாகப் பம்ப் அடிக்கச் சொல்லாதீர்கள். வேகமாக மிதித்தால் ஒரு பெரிய குமிழி நூறு பொடிக் குமிழியாக உடைந்து எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். மெல்ல அழுத்தி, பிடித்து, நிப்பிளை மூடிய பிறகு மெல்ல விட வேண்டும். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டே இருப்பதில் முடியுங்கள். ராத்திரி முழுவதும் பெடலைக் கட்டையால் முட்டுக்கொடுத்து அழுத்தி வைத்தால் காலையில் பெடல் கெட்டியாகிவிடும் என்று ஒரு பழைய வித்தை உண்டு. சில சமயம் பலிக்கிறது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் சரியான பிரேக்கை நான் நம்புவதில்லை. கிளாம்ப் சோதனை முடித்த பிறகு வேண்டுமானால் செய்யுங்கள்.

சிலிக்கான் ஆயில் வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது பிரேக் ஆயில் தரவரிசையில் டாட் 5. அது தண்ணீரை உறிஞ்சாது, பெயின்டை உரிக்காது, உண்மைதான். வருஷம் முழுக்க மூடிப்போட்டு, கண்காட்சிக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கு அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊற்றும்போதே அதில் பொடிக் குமிழிகள் கலந்து, வெளியே வர ரொம்ப நேரம் பிடிக்கும். பஞ்சுப் பெடலோடு போராடுகிறவர் போய் அதை வாங்குவது, தலைவலிக்காரர் செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுப்பது மாதிரி. டாட் 4-உடன் அது கலக்கவும் கலக்காது. மாறுவதானால் எல்லா ரப்பரையும் கழற்றி, பைப் எல்லாம் அலச வேண்டும். பெயரில் ஏமாந்துவிடாதீர்கள், டாட் 5.1 சிலிக்கான் இல்லை. அது டாட் 4 வகையைச் சேர்ந்ததுதான். உங்களுக்கு டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறோம். திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டிலை அடுத்த வருஷம் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் முடிந்து பெடல் நன்றாக நின்றால், உடனே ரோட்டுக்குப் போய்விட வேண்டாம். மகள் முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு ஒவ்வொரு நட்டையும், ஒவ்வொரு ஹோஸ் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். புதுப் பைப் போட்ட வண்டியில் ஏதாவது ஒரு முனை வியர்ப்பது சகஜம். பிறகு வீட்டு வாசலிலேயே முன்னும் பின்னுமாக நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

40 வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து இங்கே எம்ஓடி எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் உங்கள் வண்டியின் பிரேக்கை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் நாமாகக் கொண்டுபோகலாம். ஒரு சோதனை நிலையத்தில் ரோலரில் ஏற்றினால், இடது வலது எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாகவே வரும். பின்பக்கம் இரண்டும் வெகுவாக வேறுபட்டால் முளையைத் திரும்பத் தொட வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை முளையை ஏற்றுங்கள், ஞாயிற்றுக்கிழமை கிளாம்பைப் போடுங்கள். எந்தக் கிளாம்பை எடுத்தபோது பெடல் இறங்கியது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். மூன்றும் போட்டபோதே பஞ்சாக இருந்தால், சர்வோவை எந்த இடத்தில், எந்தப் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள்.